டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது

பேக்கி என்ற கிழவருக்கு வேலிக்கம்பி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மேயோ மாவட்டக் கடற்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் காயப் பிரிவில் யாரோ அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். கையில் ரத்தம் சொட்டிக்கொண்டிருக்க, அவருடைய கவலையெல்லாம் காலின் மேல்தான். இரண்டு பாதங்களையும் கட்டிலுக்கு அடியில் இழுத்து இழுத்து மறைத்தார். ஈரம் காய்ந்து விறைத்துப்போன காலுறை. பெருவிரல் இரண்டும் வெளியே. தனிக்கட்டை. துவைத்துப் போட வீட்டில் ஒருவரும் இல்லை.

நர்ஸ் நோரீன் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. திரையை இழுத்து மூடிவிட்டு, "கையில அடிபட்டா கால்ல ரத்த ஓட்டம் எப்படி இருக்குன்னு பாக்கணும் பேக்கி. இங்க அப்படி ஒரு சட்டம் இருக்கு" என்றாள்.

அப்படி ஒரு சட்டமும் கிடையாது. வெந்நீரில் அவர் காலைக் கழுவி, நகம் வெட்டி, ஆஸ்பத்திரிக் காலுறையைப் போட்டுவிட்டாள். குறிப்பேட்டில் 'பாதங்கள் சோதிக்கப்பட்டன' என்று எழுதியதோடு சரி. அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டிய பிலோமினாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

பிலோமினா அங்கே பெருக்கித் துடைக்கிறவள். இருபது வருஷமாக அந்தத் தரையைத் துடைத்ததில், அங்கு நடக்கும் ஒரு சங்கதி அவளுக்கு மனப்பாடம். நோரீன் நோயாளியைத் தொட்டுப் பார்த்ததுமே என்ன நோய் என்று கண்டுகொள்வாள். ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். டாக்டர் ஹெனகனிடம் போய், "அந்த அம்மாவுக்குக் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் சூடா இருக்கு, ஒரு தடவ பாக்கறீங்களா?" என்பாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ரத்தம் உறைஞ்சிருக்கும்போல இருக்கே" என்பார். "அப்படியா டாக்டர்?" என்று இவள் ஆச்சரியப்படுவாள். நர்ஸ் என்றால் பார்த்ததை மட்டும் எழுதலாம், பெயர் வைப்பது டாக்டரின் வேலை. நோரீன் படித்த காலத்தில் கன்னியாஸ்திரிகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல் டாக்டர் கிடையாது. அதன் பிறகு வருகிறவர்களை, தனக்குத் தெரிந்த நோயாகவே இருந்தாலும், நோரீன் அறுபது மைல் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேண்டும். மழையில், வளைவு வளைவான சாலையில், வலியோடு போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு ஆறவில்லை. அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். உயர்நிலை நர்ஸ் பயிற்சிக்கு ஓர் இடம். கால்வே நகரில் இரண்டு வருஷம் மேல்படிப்பு, கூடவே டாக்டரின் மேற்பார்வையில் ஐந்நூறு மணி நேரம் வேலை. தேறிவிட்டால் தானே நோயாளியைப் பார்த்து, நோய் இன்னதென்று சொல்லி, மருந்தும் எழுதி வீட்டுக்கு அனுப்பலாம். ஒரே ஓர் இடம். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நோரீனுக்கு நாற்பத்தேழு வயது.

விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேநீர் அறையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருப்பாள்.

"இந்த வருஷம் கெடச்சா, படிச்சு முடிக்க ரெண்டு வருஷம். பேரப் பதிவு பண்றதுக்குள்ள அம்பது ஆயிடும்டி. கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா என்ன, அப்பவும் அம்பது வயசு ஆகத்தான் போகுது. எனக்கும்தான் ஆகுது. நான் என்ன ரொட்டிய இப்படியா சித்திரவதை பண்றேன்?"

நேர்முகத்தில் ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து எழுதச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டார்கள். பழகிப் பார்க்க நோயாளி வேண்டுமே. பிலோமினா தானே முன்வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காலிக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு, "ஐயோ, செத்தேன், வயிறு, வயிறு" என்று ஊரைக் கூட்டினாள்.

"மெதுவாடி. எங்க வலிக்குது?"

"வலது பக்கம், கீழ. நேத்து தொப்புள்கிட்ட இருந்துச்சு, இன்னிக்கு எறங்கி வந்துருச்சு." முந்தின வாரம் வந்த ஒரு பையன் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

நோரீன் வயிற்றை அழுத்திப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். ஒன்று விடாமல் தாளில் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"சரி, எனக்கு என்ன வந்திருக்கு?"

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"அடிப் பாவி! டாக்டர் எங்க இருக்காரு? இங்க நீயும் நானும்தான் இருக்கோம். பேரச் சொல்லுடி!"

நோரீன் வாயைத் திறந்தாள், மூடினாள். கழுத்து சிவந்துபோயிற்று. கடைசியில், "குடல்வாலோ என்னவோ... தப்பா இருந்தா?" என்றாள், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"தப்பா இருந்தா நான் செத்துப்போறேன், விடு. இன்னொரு தடவ வா."

நேர்முகத்துக்கு முந்தின ஒன்பது நாளும் பிலோமினா நவநாள் ஜெபம் சொன்னாள். காலைப் பூசை முடிந்ததும் மாதா சுரூபத்தின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. 'தாயே, அவளுக்கு எல்லாம் தெரியும். வாய் மட்டும் திறக்கமாட்டேங்குது. கொஞ்சம் பார்த்துக்கோ' என்பதுதான் அவளுடைய ஜெபம்.

நேர்முகத்துக்குப் போன அன்று நோரீன் சாயங்காலம் திரும்பி வந்தாள். கோட்டைக் கழற்றாமலே தேநீர் அறையில் உட்கார்ந்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"கால் வீக்கம். நீண்ட பயணம் பண்ணி வந்த ஆள். ஒரு பக்கம் மட்டும் வீக்கம், சூடு. ரெண்டு காலையும் அளந்து பாக்கணும்னு எழுதினேன். மூச்சு வாங்குதான்னு கேக்கணும்னு எழுதினேன். எல்லாம் எழுதினேன் பிலோமினா."

"அப்புறம் என்ன?"

"கடைசி வரி, 'உங்கள் முடிவு என்ன?' அதுல நான்..." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "'டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது'ன்னு எழுதிட்டேன். கை தானா எழுதிருச்சு. தாளக் குடுத்துட்டுக் கதவத் தாண்டின பிறகுதான் உறைச்சுது."

பிலோமினாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கெட்டிலைப் போட்டாள்.

பத்து நாள் காத்திருந்தார்கள். தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டாலே நோரீன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். கடிதம் வந்தது. 'இந்த முறை இல்லை' என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். இடம் ஓர்லாவுக்கு, மேல்மாடியில் வேலை பார்க்கும் இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு. நோரீன் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். பிறகு துணி அலமாரி இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிலோமினா துடைப்பத்தை வெளியே குறுக்காக நிறுத்தி, 'தரை ஈரம்' என்ற பலகையையும் வைத்து, யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை.

விஷயம் டாக்டர் ஹெனகன் காதுக்குப் போயிற்று. மறுநாள் காலை நோரீன் வழக்கம்போல, "மூணாங்கட்டில்ல இருக்கறவரோட மணிக்கட்ட ஒரு தடவ பாக்கறீங்களா?" என்று வந்தாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"மாட்டேன். என்னன்னு சொல்லு, வரேன்."

"நீங்க பாத்தா தெரியும் டாக்டர்."

"இத்தன வருஷமா நீ முன்னாடி பாத்து வெச்சதத்தான் நான் பின்னாடி வந்து பாக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா? இனிமே பேர் இல்லாம என்கிட்ட வராத. தப்பா இருந்தா திட்டறேன். திட்டுனா யாரும் சாகமாட்டாங்க."

முதல் வாரம் அவளுக்கு நரகம். ஒவ்வொரு தடவையும் அவர் அறை வாசலில் நின்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொள்வாள். ஒரு பெண்ணின் கணுக்காலைப் பார்த்து, "எலும்பு முறிவு" என்றாள். படம் எடுத்தால் முறிவே இல்லை, வெறும் சுளுக்கு. "தப்பு. அடுத்த ஆளப் பாரு" என்றார் டாக்டர். அவ்வளவுதான். அன்று முழுக்க ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் இரண்டு முறை சரிபார்த்தாள். மறுநாளும் வந்து பெயர் சொன்னாள். அதற்கு மறுநாளும். சில நாள் குரலே வெளியே வராது. ஆனாலும் சொன்னாள்.

அடுத்த வசந்தத்தில் வடக்கே டொனகாலில் ஓர் ஆஸ்பத்திரி இதே பயிற்சிக்கு ஆள் கேட்டது. மூன்று மணி நேரப் பயணம். கணவன் டெர்மட் மீன்பண்ணைப் படகை விட்டுவிட்டு வரமுடியாது. போனால் அவளுக்கு வாரக் கடைசியில்தான் வீடு. "இந்த வயசுல குடும்பத்த விட்டுட்டுப் போறது பாவமாடி?" என்று பிலோமினாவிடம் கேட்டாள். "டெர்மட்டுக்கு முட்ட வேகவைக்கத் தெரியாது, அது அவன் பாவம். நீ போ" என்றாள் பிலோமினா. போனாள். அங்கேயும் தாள், அங்கேயும் கடைசி வரி. அதில் என்ன எழுதினாள் என்று திரும்பி வந்தும் சொல்லவில்லை. சொன்னால் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். மூன்று வாரம் கழித்து ஃபோன் வந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினாள். பேருந்து நிற்குமிடம் கோவிலுக்கு மேலே, மேட்டில். பிலோமினா பிடிவாதமாய் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினாள். பாதி வழியில் நின்றாள். "ஷூவுக்குள்ள கல்லு" என்றாள். இன்னும் பத்தடி போய் மறுபடி நின்று மதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பேருந்து வந்துவிட்டிருந்தது. நோரீன் பைகளை ஏற்றினாள். பிறகு பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரிவுத் துயரம் என்று நினைத்து பிலோமினாவுக்குக் கண் நிறைந்தது. பார்த்தால், நோரீனின் விரல் நாடியின் மேல் இருந்தது, கண் கைக்கடிகாரத்தில். அப்புறம் கட்டைவிரலால் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"எத்தன நாளா இப்படி மூச்சு வாங்குது?"

"அதெல்லாம் வயசுடி. நீ ஏறு."

நோரீன் படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். குரல் நடுங்கியது, ஆனால் தேயவில்லை.

"வயசு இல்ல பிலோமினா, ரத்த சோகை. நாளைக்குக் காலைல தொடப்பத்த எடுக்கறதுக்கு முன்னால ஹெனகன்கிட்ட போய் ரத்தம் எடுக்கச் சொல்லு. யாரு சொன்னதுன்னு கேட்டா, நோரீன் சொன்னான்னு சொல்லு."