கடைசிச் சிவப்புப் புள்ளி

"சார், ஸ்டேஷன்ல இப்ப யாராவது சட்டை தேய்க்கிறாங்களா?"

தொலைபேசியை எடுத்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி இதுதான். மறுமுனையில் இன்ஸ்பெக்டராக இருந்தாலும் சரி, ஏட்டாக இருந்தாலும் சரி, கேள்வி மாறாது.

நாட்டின் காவல் நிலையங்களை எல்லாம் ஒரே கணினி வலையில் பிணைக்கும் அலுவலகத்தில் அக்கா பொறியாளர். இணைப்பு அறுந்தால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். இடி விழுந்து அறுந்த இணைப்புகளைவிட, இஸ்திரிப் பெட்டியைச் செருகுவதற்காகப் பிடுங்கப்பட்ட கணினிப் பிளக்குகளையே அதிகம் பார்த்தவர். 'பிளக் அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மாமியாருக்கு மட்டும் மனக்குறை. "போலீஸ் வேலைன்னு சொல்றா. துப்பாக்கியும் இல்ல, லத்தியும் இல்ல. நாள் முழுக்க போன்ல கொஞ்சிட்டு இருக்கா."

கொஞ்சலாவது! குரல் உயராதே தவிர, பிடித்தால் உடும்புப் பிடி.

போன வாரம் வந்தது உண்மையான சோதனை. நண்பகலுக்குள் எல்லா நிலையங்களும் புதிய வலைக்கு மாறியாக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வேலையை வெளியாரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். கொடுத்தால் அக்காவோடு அந்த அறையே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சுவர்த்திரையில் நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பச்சைப் புள்ளியாயின. ஒன்று மட்டும் சிவப்பிலேயே நின்றது.

அந்த நிலையத்து ஏட்டு சத்தியமே செய்தார். "எங்ககிட்ட இஸ்திரிப் பெட்டியே கிடையாதும்மா."

"அப்படியா ஏட்டையா? இன்னைக்கு உங்களுக்கு பரேடாச்சே. கசங்கின சட்டையோடயா போறீங்க?"

"கசங்கினதா? இன்ஸ்பெக்டர் கொன்னே போட்டுடுவாரு! இப்பத்தான் அவரு சட்டைய..." ஏட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. "எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

"ஒரு கை பாக்கி."

"அது கிடக்கட்டும். முதல்ல என் பிளக்க மாட்டுங்க. உங்க சார் கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

அறையில் எல்லார் கண்ணும் சுவர்த்திரையில். சிவப்பு அணைந்தது. பச்சை!

"ஜெயிச்சுட்டோம்க்கா!" என்று பக்கத்து மேசைக்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஆளாளுக்கு மேசையைத் தட்டினார்கள். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

சத்தம் கேட்டு மேலதிகாரியே கை குலுக்க வந்தார். மடிப்புக் கலையாத, சூடு ஆறாத சட்டை. அக்கா அதை மேலும் கீழும் பார்த்தார். நீட்டிய கையை அந்தரத்தில் விட்டுவிட்டு, நேராக மேலதிகாரியின் அறைக்கு ஓடி, மேசைக்கடியில் குனிந்து, கணினிப் பிளக் மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.