கிணற்றுப் புறாவுக்கு அம்மை

காலை ஆறு மணி பத்து நிமிடம். கிணற்றின் உள்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லில் மாடப்புறா ஒன்று உட்கார்ந்திருந்தது. நாங்கள் எட்டிப் பார்த்ததும் மற்றவை படபடத்து மேலே வந்து பறந்தன. அது அசையவில்லை. அலகுக்கு மேலேயும் கண்ணைச் சுற்றியும் மிளகு அளவில் பருக்கள். ஒரு கண் மூடிக் கிடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். சாயத் தண்ணீர் இறங்கிய கிணறுகளைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். பல்லடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ஆறிப்போன தேநீரின் நிறத்தில் இருந்தது. மோட்டாரைக் கழற்றி வெகுநாள் ஆகிவிட்டது. ஆள் இறங்குவதில்லை என்பதால் சுவர்ப் பொந்துகளில் புறாக்கள் பெருகியிருந்தன.

என்னுடன் எட்டிப் பார்த்த பெண் கோவில்பட்டிப் பக்கம். கோவையில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவி. முந்தைய வருடத்திலிருந்தே இந்தக் கிணற்றுக்கு வருகிறார். விடியும் முன் கிணற்றின் வாயில் வலையைக் கட்டுவார். கிளம்பும் புறாக்களைப் பிடித்து, இறக்கை நரம்பில் துளி ரத்தம் எடுத்து, காலில் வயர்க்கூடை பின்னும் வயரில் ஒரு துண்டைச் சுற்றி விட்டுவிடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறச் சேர்க்கை. ரத்தம் ஐஸ் டப்பாவில் தனியார் பஸ் ஏறிக் கோவைக்குப் போகும். களை எடுக்க வரும் பெண்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள்.

"கிளி ஜோசியம் பாத்திருக்கறமுங்க. புறா ஜோசியத்த இப்பத்தான் பாக்கறோம்."

"உங்களுக்கும் ஒரு துளி எடுத்துப் பாக்கட்டுமாக்கா?"

"எடுத்துப்போட்டு எங்கூட்டுக்காரருக்குப் புத்தி வருமான்னு சொல்லுங்க."

அன்று காலை அவர் கிண்டலுக்கு நிற்கவில்லை. அந்தப் புறாவின் காலில் பச்சையும் வெள்ளையுமாக வயர் இருந்ததை முதலில் பார்த்தார். பிறகுதான் பருக்களை. "அம்மை" என்றார்.

அவர் விளக்கியதை அப்போதே எழுதி வைத்தேன். உடம்புக்குள் வந்த கிருமியின் துணுக்கைப் பிடித்து, உடம்பின் காவல் அணுக்களுக்குக் காட்டுகிற கொக்கிகள் ஒவ்வொரு உயிரிலும் உண்டு. தாயிடமிருந்து ஒரு வகை, தகப்பனிடமிருந்து ஒரு வகை; சிலவற்றுக்கு இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடும். ஒரு கொக்கிக்கு மாட்டும் கிருமி இன்னொன்றுக்கு மாட்டாது. கூட்டத்தில் ஒரே கொக்கி பெருகிவிட்டால், அதிலிருந்து நழுவத் தெரிந்த கிருமியும் பெருகும். அப்போது யாரிடமும் அதிகம் இல்லாத கொக்கி வைத்திருப்பவை பிழைக்கும், குஞ்சு பொரிக்கும், பெருகும். பெருகியதும் கிருமி அதிலிருந்தும் நழுவப் பழகும். பரிசோதனைக் கூடத்துக் கூண்டில் இதைக் காட்டுவது எளிது. காட்டுப் பிராணிகளிடம் காட்டுவது அரிது. நோய் வரும் முன் ரத்தம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அவரிடம் அந்த ரத்தம் இருந்தது. அம்மை ஓய்ந்த பிறகு மிஞ்சியவற்றின் ரத்தம் வேண்டும். மிஞ்சியவை பொரிக்கும் குஞ்சுகளின் ரத்தமும் வேண்டும். அதுவரை யாரும் புறாக்களைக் கொல்லவோ கலைக்கவோ கூடாது. கொன்றால் செய்த வேலை அத்தனையும் வீண்.

எட்டு மணிக்குள் செய்தி கேட்டுப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் வந்துவிட்டார். தோட்டத்துக்குச் சொந்தக்காரரான அம்மாவுக்குச் சித்தப்பா மகன். தோளில் வலையைப் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

"அக்கா, கெணத்து வாயக் கட்டி ஒரே அள்ளா அள்ளிக் குழி தோண்டிப் பொதச்சுரலாமுங்க. என்ற கோழியெல்லாம் ஒரே ரகம். ஒண்ணு தும்முனா அத்தனையும் தும்மும். நானு தலையில துண்டப் போட்டுக்கோணும்."

"சார், புறா அம்மை கோழியில அப்படி ஏறாது" என்றார் மாணவி.

"அம்மிணி, நீங்க புஸ்தகத்துல பாத்தீங்க. நானு கோழிச் செட்டுல பாத்தவன்."

தோட்டக்கார அம்மா கிணற்றை எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். இவர் தோட்டத்தை விட்டுப் போக மறுத்துவிட்டவர். பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"தம்பி, வலையக் கொண்டுபோய் ஊட்டுல வெய்யி. ஆத்தா எறங்கியிருக்கறா. மூணாந்தண்ணி ஊத்தற வரைக்கும் கை வெக்கக் கூடாது."

"புறாவுக்கு வந்தாலுமா?"

"அவளுக்குப் புறா வேற, மனுசன் வேறயா?"

மாணவியின் முகம் தெளிந்தது. அந்த அம்மா அடுத்து அவர் பக்கம் திரும்பினார்.

"நீயும்தான் கண்ணு. ஊசி கீசின்னு கெணத்துப் பக்கம் வரப்படாது."

நோயில் கிடக்கும்போதும் சில புறாக்களின் ரத்தம் எடுக்க மாணவி நினைத்திருந்தார். கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. கிணற்று மேட்டில் வேப்பங்கொத்து செருகப்பட்டது. அதைத் தாண்டி யாரும் போகவில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது வழக்கம். அந்த வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை. பண்ணைக்காரர் வேலியோரம் நின்று சத்தமாகக் கேட்பார்:

"அக்கா, இன்னைக்காவது சட்னிக்குத் தாளிச்சீங்களா, இல்ல புறா கோவிச்சுக்குமா?"

"உன்ற ஊட்டுல போயித் தின்னு போ."

மாணவி வாரம் ஒருமுறை வந்து, வேப்பங்கொத்துக்கு இப்பால் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தார். பொந்துகளில் குஞ்சுகள் செத்தன. பெரியவற்றிலும் சில தண்ணீரில் மிதந்தன. கூட்டிச் சுத்தம் செய்யவோ மருந்து தெளிக்கவோ ஆள் இல்லை. பச்சை வெள்ளை வயர் கட்டிய புறாவைச் சில வாரங்களுக்குப் பின் காணவில்லை.

அந்த அம்மா முதல் தண்ணீரும் இரண்டாம் தண்ணீரும் ஊற்றினார். வேப்பிலையும் மஞ்சளும் கலந்த தண்ணீரைச் சொம்பில் எடுத்துக் கிணற்றின் முதல் படியில் ஊற்றுவதுதான் சடங்கு. மூன்றாம் தண்ணீருக்கு நான் போயிருந்தேன். பண்ணைக்காரர் மறுபடியும் வலையோடு நின்றார்.

"மூணாந்தண்ணி ஆச்சுங்க. இனி அள்ளிக்கலாமில்ல?"

"ஆத்தா பாத்து உட்டுட்டுப் போனதுகள நீ கொல்லுவியா?"

"அக்கா! முன்னாலயும் தொடப்படாது, பொறகாலயும் தொடப்படாது. அப்ப எப்பத்தான் தொடறது?"

"இப்பத் தொடு. வலைய நீ புடி. அந்தப் புள்ள ஊசி போட்டுக்கட்டும். பொறகு உட்டுரு."

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முனகிக்கொண்டே வலையின் ஒரு மூலையைப் பிடித்தார். பிடித்த பிறகு, கல்லை எங்கே போட்டால் எந்தப் பொந்திலிருந்து புறா கிளம்பும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். சிறுவயதில் கறிக்குப் பிடித்த கிணறு அது. பிடிபட்டவற்றில் பலவற்றுக்கு முகத்தில் தழும்பு இருந்தது. சிவப்பு மஞ்சள் வயர் கட்டிய ஒரு பெட்டைக்குத் தழும்பே இல்லை.

சோதனை முடிவைச் சொல்ல மாணவி திரும்பி வந்தபோது கோடை தொடங்கியிருந்தது. மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை தாய்வழி ஒன்று, தந்தைவழி வேறொன்று என இரண்டு வகைக் கொக்கி வைத்திருந்தவை. முன்பு கிணற்றில் மிகுதியாக இருந்த வகை குறைந்திருந்தது. சிவப்பு மஞ்சள் பெட்டையிடம் இருந்தது வேறு எதனிடமும் அவர் பார்க்காத வகை.

"அப்ப அதுதான் ஒசத்தியான கொக்கியா கண்ணு?" என்று தோட்டக்கார அம்மா கேட்டார்.

"இந்த அம்மைக்கு ஒசத்திம்மா. அடுத்து வர்றதுக்கு எது ஒசத்தின்னு தெரியாது. ஒரே கிணத்தை வச்சு அடிச்சுச் சொல்லவும் முடியாது."

"அப்ப எலெக்சன் மாதிரின்னு சொல்லு."

இதைச் செய்தியாக்கி அனுப்பினேன். ஆசிரியர் பிரிவிலிருந்து போனில், யாராவது செத்தார்களா என்று கேட்டார்கள். புறாக்கள் என்றேன். கிணற்று நீரின் நிறத்தைப் பற்றி எழுதியது மட்டும் வெளிவந்தது.

அடுத்த வருடம் மழைக்குப் பிறகு குஞ்சுகளுக்காக மாணவி கடைசி முறை வலை கட்டினார். பண்ணைக்காரர் கூப்பிடாமலே வந்து மூலையைப் பிடித்தார். வயர் இல்லாத இளம்புறாக்கள் நிறைய விழுந்தன. அவற்றில் சிலவற்றிடம் சிவப்பு மஞ்சள் பெட்டையின் வகை இருந்தது என்று பிறகு எனக்குக் கடிதம் எழுதினார்.

அன்று வேலை முடிந்ததும் பண்ணையில் டீ குடிக்க அழைத்தார் பண்ணைக்காரர். செட்டில் கோழிக்குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குஞ்சின் தொடையில் சில இறகுகளைப் பிடுங்குவார். இன்னொருவர் அந்த இடத்தில் சிறு பிரஷால் மருந்தைத் தேய்ப்பார்.

"பாத்துக்கங்க அம்மிணி. உங்க புறா நோவு எம்பட கோழிக்கு வராமக் காப்பாத்துறது இந்த மருந்துதான். வருசா வருசம் உடறதில்லீங்க."

மாணவி காலிக் குப்பி ஒன்றை எடுத்து லேபிளைப் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். கோழி அம்மையைத் தடுக்க, புறா அம்மைக் கிருமியிலிருந்து செய்த மருந்து என்று அதில் அச்சிட்டிருந்தது.