இறுதி ஆட்டத்தன்று கொட்டிய மரத்தூள்

அந்தக் கோப்பையை எங்கள் அணி வாங்கியது என்று மற்றவர்கள் சொல்வார்கள். நாங்கள் வாங்கினோம் என்றுதான் நாங்கள் சொல்வோம். மட்டையைப் பிடித்து ஒரு பந்தைக்கூட அடித்தது கிடையாது என்றாலும் அப்படிச் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது. அது எப்படி என்று எழுதுகிறேன்.

மெட்டுகுடா ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மண் மைதானம். அங்கே ஆடும் ஹாக்கி அணிக்கு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ரசிகர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் வீட்டில் யாரும் எங்களைத் தேட மாட்டார்கள். ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர் எங்களுக்குத் தலைவர் மாதிரி. மாரெட்பள்ளியில் கடை வைத்திருக்கும் தையல்காரர், வாய்க்குத் தலைவர். நான் ஒரு மரக்கடையில் வேலை செய்கிறேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஹாக்கியின் விதிகளைக் கோட்டுக்கு வெளியே நின்று நின்றே தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் கத்துவார்கள், எனக்குக் கத்த வராது. கோல் விழுந்தால் பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடித்து அழுத்துவேன். அதனால் என் பக்கத்தில் நிற்க ஆள் குறைவு.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் வசதி அந்த அணிக்கு இல்லை. ஆகவே மழை பெய்தால் தரையைக் காய வைப்பது ரசிகர்களின் வேலை. ஆட்டக்காரர்கள் வரும் முன்பே நாங்கள் போய்விடுவோம். கோணிச் சாக்குகளைப் பரப்பித் தண்ணீரை ஒற்றி எடுப்போம். கோல் முன்னால் இருக்கும் அரைவட்டத்தில் மரத்தூள் தூவி, காலால் மிதித்து விடுவோம். மரத்தூள் என் கடையிலிருந்து வரும். யாரும் இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, சொல்லி நாங்கள் செய்ததும் இல்லை. மழை என்றால் சாக்கு, அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்குப் போகும் என்று எங்களைத் தவிர யாரும் நினைக்கவில்லை. உண்மையில் நாங்களும் நினைக்கவில்லை, வெளியே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தோம். போய்விட்டது. எதிரே லோத்குண்டா பக்கத்து அணி. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் காலணி, தனிப் பேருந்து, காலைப் பிடித்துவிட ஒரு ஆள். நாங்கள் நம்பியது எங்கள் கோல்கீப்பரை.

அவர் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுபவர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஒரு முறை எங்கள் அணி இறுதி ஆட்டம் வரை போயிருந்தது. அன்று அவருக்கு டூட்டி. வேறொருவர் பேடு கட்டிக்கொண்டு கோலில் நின்றார். இடைவேளைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு பல நாட்கள் கோல்கீப்பர் மைதானத்து வழியாக வீட்டுக்குப் போகாமல் தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு போனார். இப்போது முழங்கால் தாங்கவில்லை, இதுதான் கடைசி என்று அவர் மனைவி எங்களிடம் சொல்லியிருந்தார். இன்னொரு இறுதி ஆட்டம் அவருக்குக் கிடைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டம் ஞாயிறு காலை, வேறொரு பெரிய மைதானத்தில். விடியும்போது நல்ல மழை அடித்து ஓய்ந்தது. இரவு டூட்டி முடிந்து கோல்கீப்பர் நேராக மைதானத்துக்கு வருவதாக ஏற்பாடு. ஆனால் அவரை விடுவிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. வேறு ஆள் வரும்வரை அவர் இடத்தை விட்டு நகர முடியாது. ஆட்டோக்காரர் எங்களையும் சாக்குகளையும் மரத்தூள் மூட்டையையும் மைதானத்தில் இறக்கிவிட்டு, ஊருக்கு வெளியே அவர் டூட்டியில் இருந்த ஸ்டேஷனுக்கு ஓடினார். போட்டி நடத்துபவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணிகளையும் வரிசையில் நிறுத்தி, கார்டில் இருக்கும் படத்தோடு முகத்தைச் சரிபார்ப்பார்கள். வரிசையில் இல்லாதவர் அன்று ஆட முடியாது.

அது செயற்கைப் புல் போட்ட மைதானம். நாங்கள் யாரும் அதற்கு முன் அந்த மாதிரித் தரையைப் பக்கத்தில் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தால் பச்சையாக, மினுமினுவென்று, எங்கும் தண்ணீர். மைதானத்து ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாரையும் கேட்கவில்லை. சாக்கைப் பரப்பினோம். ஒற்றி எடுக்க எடுக்க ஈரம் போகவில்லை. இவ்வளவு பெரிய இடத்தில் இப்படித் தண்ணீரை நிற்க விட்டிருக்கிறார்களே என்று தையல்காரர் திட்டினார். நான் மூட்டையைப் பிரித்தேன். ஒரு பக்கத்து அரைவட்டம் முழுவதும் தேக்குத் தூளை நன்றாகக் கெட்டியாகத் தூவி மிதித்து முடித்தோம்.

எங்கள் கேப்டன்தான் முதலில் வெளியே வந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கைக்கு அண்ணா இதெல்லாம்? இது தண்ணி ஊத்தித்தான் ஆடுற தரை. இப்பத்தான் ஊத்திட்டுப் போனாங்க." எதற்கு என்பதை எங்கள் பக்கத்தில் கைக்கு என்றுதான் சொல்வோம்.

அதற்குள் எதிரணி மேனேஜர் வந்துவிட்டார். தரையைக் கெடுத்துவிட்டார்கள், கோப்பையை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று போட்டி அதிகாரியிடம் சண்டை பிடித்தார். அதிகாரி எங்களிடம் வந்து, யார் இதைக் கொண்டுவந்தது என்று இந்தியில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எப்போதும் பேசும் தையல்காரரும் என்னைத்தான் பார்த்தார்.

"கீலா தா சாப்," என்றேன். ஈரமாக இருந்தது சார் என்று அர்த்தம். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் கத்துவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. தூவியவர்களே கூட்டி அள்ள வேண்டும், அதன் பிறகு மறுபடி தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஆட்டம், அதுவரை வரிசை கிடையாது என்று சொன்னார்.

துடைப்பம் கொடுத்தார்கள். வெட்கத்தில் வேகவேகமாகக் கூட்டத் தொடங்கினோம். அப்போது தையல்காரரின் போன் அடித்தது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோக்காரர். அவர் கத்தியது எங்களுக்கும் கேட்டது.

"ஆள் இன்னும் வரல. இவரு கொடிய கையில வெச்சுக்கிட்டு என்னப் பார்த்தும் பார்க்காத மாதிரி நிக்கிறாரு."

தையல்காரர் போனைப் பையில் போட்டார். எங்கள் துடைப்பங்களைப் பார்த்தார்.

"எதுக்கு இந்த வேகம்?" என்றார். "அடுத்தவங்க எடம். ஒரு தூள் இல்லாம சுத்தமா கூட்டணும்."

எல்லோருக்கும் புரிந்தது. ஈரத்தில் ஒட்டிய மரத்தூள் லேசில் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நாங்கள் கூட்டிய மாதிரி யாரும் எங்கேயும் கூட்டியிருக்க மாட்டார்கள். நான் உட்கார்ந்து, புல் நாருக்கு நடுவே இருந்ததை விரலால் எடுத்தேன். அதிகாரியே சொன்ன வேலை, யாரும் எங்களை ஒன்றும் சொல்ல முடியாது. எதிரணி ரசிகர்கள், சங்கராந்திக்கு முக்கு போடுகிறீர்களா என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார்கள். கோலத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஹவ், ஆமாம், முடித்துவிட்டு உங்கள் வீட்டு வாசலுக்கும் வருகிறோம் என்று தையல்காரர் பதில் கொடுத்தார். மாற்று ஆள் வந்துவிட்டார் என்று அடுத்த போன் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் மெதுவாகக் கூட்டினோம்.

தண்ணீர் ஊற்றி முடித்து வரிசை நின்றது. அதிகாரி கார்டுகளோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். வரிசை முடியப் போகிறது. வெளியே எங்கள் ஆட்டோவின் சத்தம். அதன் சத்தம் எங்களுக்குத் தனியாகத் தெரியும். கோல்கீப்பர் டூட்டிச் சட்டையோடு, மேலே போடும் அந்த ஆரஞ்சு கோட்டோடு ஓடிவந்து கடைசி ஆளாக நின்றார். உடை மாற்றவில்லை என்று எதிரணி மேனேஜர் ஆட்சேபித்தார். கார்டில் இருப்பது முகம்தான், சட்டை இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அவர்கள் ஓடினார்கள், நாங்கள் தடுத்தோம். ஆளுக்கு ஒரு கோலில் முடிந்து ஷூட் அவுட்டுக்குப் போனது. ஒருவர் பந்தோடு வருவார், கோல்கீப்பர் தனியாக எதிர்கொள்ள வேண்டும். இரவெல்லாம் தூங்காத மனிதர் அவர். அவர்களுக்குக் கடைசி வாய்ப்பு வந்தபோது நாங்கள் ஒரு கோல் முன்னால். கடைசியாக வந்தவன் அவர்கள் அணியிலேயே நல்ல ஆட்டக்காரன். இடப்பக்கம் போவது மாதிரிக் காட்டி வலப்பக்கம் இழுத்தான். கோல்கீப்பர் ஏமாறவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. அவன் அடிக்கும்வரை நின்றார். அடித்தபோது பேடு கட்டிய காலை நீட்டிப் படுத்தார். பந்து காலில் பட்டு வெளியே போனது. எழுந்திருக்கவில்லை, அப்படியே கிடந்தார். எங்கள் ஆட்கள் அவர் மேல் போய் விழுந்தார்கள். நான் பிடித்து அழுத்தியது அதிகாரியின் தோள் என்று அவர் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எதிரணி அன்று சரியாக ஆடவில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். எங்கள் கோல்கீப்பர் அங்கே நின்றார், அதனால் ஜெயித்தோம். அவர் நிற்பதற்கு நேரம் கிடைத்தது, அதை யார் கொடுத்தார்கள் என்று மெட்டுகுடாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பட்டாசு, மேளம் எல்லாம் சாயங்காலத்துக்கு ஏற்பாடு செய்தோம். கோப்பையை எடுத்துக்கொண்டு கோல்கீப்பரின் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து வெளியே வந்தார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு பேடைக் கழற்றியிருக்கிறார். இன்னொன்றைக் கழற்றுவதற்குள் தூங்கிவிட்டாராம்.

"வெடி நக்கோ, வேணாம்," என்றார் அந்த அக்கா. "அந்த மனுஷன், போன தடவ நம்ம டீம் தோத்ததிலேருந்து ராத்திரியில சரியாத் தூங்கி நான் பார்த்ததில்ல. இருக்கறதா இருந்தா சத்தம் போடாம இருங்க."

மேளக்காரரைத் திருப்பி அனுப்பினோம். வாசலில் கோப்பையை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை முழு ஆட்டத்தையும் ரகசியம் பேசுவது போலப் பேசினோம். ஆட்டோக்காரருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாததால் அவர் கையாலேயே சொன்னார். யாருக்காவது சிரிப்பு வந்தால் எழுந்து தெருமுனை வரை போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள். அந்த அக்கா இரண்டு முறை எங்களுக்கு டீ கொடுத்தார். உள்ளே குறட்டைச் சத்தம் நிற்கும்போதெல்லாம் நாங்களும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தோம். மறுபடி குறட்டை தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.