ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து

கதவுச் சட்டம் வளைந்து தெரிந்த அன்றே நர்ஸம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் உழைத்தவள். அதில் ஆறு வருடம் கண் பிரிவு. நேர்க்கோடு வளைந்தால் தச்சன்மேல் பழி போடாதீர்கள், உடனே வாருங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள், சட்டம் வளைந்தது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். சட்டமே இல்லை, நடுவில் புகை அப்பிய மாதிரி ஒரு திட்டு. தெருவில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்கிறவள், தன் கண்ணையும் தானே பார்த்து முடித்துவிட்டு, அடுப்பில் பொங்க இருந்த பாலை இறக்கினாள்.

டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. வலது கண்ணுக்கு மாதம் ஓர் ஊசி போட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். இடது கண் போனது போனதுதான். "பெரிய எழுத்துன்னா படிக்கலாம்மா. புஸ்தக எழுத்து இனிமே கஷ்டம்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தாள். அழுதால் கண் எரியும். வேறு பலன் கிடையாது.

இதை வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். நோயை மறைத்துவிட்டு முற்றிய பின் வருகிறவர்களை வாய் ஓயாமல் திட்டியவள்தான். ஆனால் உபதேசம் என்றைக்குமே ஊருக்குத்தானே. கணவர் அப்போது நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தார். சொன்னால் வேலையைப் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே சுற்றுவார். கண்ணையும் கவனித்துக்கொண்டு, கண்ணை நினைத்துக் கலங்குகிற மனிதரையும் கவனிக்க அவளிடம் தெம்பில்லை. ஆயுள் முழுக்க யாரையாவது தேற்றிக்கொண்டே இருந்தாயிற்று.

கணவர் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு புத்தகம் எழுதியிருக்கிறார். நாலு பேர் வந்து பார்க்கிற அளவுக்குப் பெயர், அவர்களுக்குப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்து அனுப்புகிற அளவுக்கு விற்பனை.

அவர் எழுதுவதற்கும் அவள் படிப்பதற்கும் நடுவில் ஓர் ஏற்பாடு உண்டு. இப்போதெல்லாம் அத்தியாயம் முடிந்ததும் கடையில் கொடுத்துத் தாளில் அச்செடுத்து வருவார். அவள் மத்தியானம் ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து படிப்பாள். சலிப்புத் தட்டும் இடத்தில், வரியின் ஓரமாகப் பென்சிலால் ஒரு புள்ளி. நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு பேச்சு கிடையாது. ஏன் என்று அவரும் கேட்கமாட்டார். புள்ளி விழுந்த இடத்தை வெட்டுவார், இல்லையென்றால் மாற்றி எழுதுவார். கல்யாணமான மறு வருடத்திலிருந்து இதுதான். சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்த நாட்களில்கூடப் புள்ளி நின்றதில்லை.

மின்னூல் பக்கம் அவர் போகாததற்கும் இந்தப் புள்ளிதான் ஒரு காரணம். பதிப்பாளர் பல தடவை கேட்டுப் பார்த்தார்.

"சார், அச்சோட சேத்து மின்னூலாவும் போட்டுடுவோம். உலகத்துல எந்த மூலைல இருக்கறவனும் அடுத்த நிமிஷம் படிக்க ஆரம்பிச்சிடுவான். எந்தப் பக்கத்துல வாசகன் மூடி வச்சிட்டுப் போறாங்கறதுகூட நமக்குத் தெரிஞ்சிடும் சார்."

"அதச் சொல்ல எனக்கு வீட்லயே ஆள் இருக்குய்யா" என்றார் இவர்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்ததும், "மின்னூல்ங்கறது கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்ச சாப்பாடு. பாக்கலாம், பசி தீராது" என்று சொல்லிவிட்டார். கைதட்டல் பலமாக விழுந்தது. கைதட்டல் வாங்கிய வார்த்தையிலிருந்து மனிதன் லேசில் இறங்க முடியாது. அன்றிலிருந்து அவர் அந்தக் கட்சி.

ஊசி போட்டுக்கொள்ளத் துணைக்கு வந்த மகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள்தான் மின்னூல் படிக்கிற டேப் ஒன்று வாங்கிக் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்கும் விதத்தைக் காட்டினாள். விரல் நகம் பருமனுக்கு எழுத்து. திரையில் மொத்தமே ஆறு வரி, வரிக்கு நாலு சொல். முன்னூறு பக்கப் புத்தகம் மூவாயிரம் பக்கமாக நீண்டது. பார்வையைச் சற்றே ஓரமாகத் திருப்பிப் படிக்க வேண்டும். நேராகப் பார்த்தால் நடுச் சொல் காணாமல் போகும்.

நர்ஸம்மா அதன் குறை நிறை இரண்டையும் நோயாளிக் குறிப்பு எழுதுவதுபோல் மனதில் குறித்துக்கொண்டாள். படுத்துக்கொண்டு படித்தால் மார்பில் கனக்கவில்லை. விளக்கைத் தேட வேண்டாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் கண் வறண்டுவிடும், சொட்டு மருந்து விட வேண்டும். யார் இந்த ஆள், முன்னே எங்கே வந்தான் என்று பின்னால் புரட்டினால் வழி தவறிவிடும். இன்னும் எவ்வளவு பாக்கி என்று கட்டைவிரலுக்குத் தெரியாது. படித்து முடித்ததைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்கவும் முடியாது. இருந்தாலும் படிக்க முடிந்தது. கணவர் மத்தியானம் தூங்கும் நேரத்தில், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எட்டு மாதத்தில் நாற்பது புத்தகம் படித்தாள். கணவருடைய புத்தகத்தை மட்டும் படிக்கவில்லை. அது தாளில் இருந்தது.

தாள் வந்துகொண்டே இருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. அவள் வழக்கம்போல ஜன்னல் பக்கம் உட்காருவாள். எழுத்தெல்லாம் எறும்பு கலைந்தாற்போல் ஊரும். நாடி பார்க்கும்போது எண்ணுவதுபோல மனதுக்குள் நூற்றைம்பது எண்ணி, ஒரு பக்கம் திருப்புவாள். அத்தியாயத்துக்கு ஐந்தாறு புள்ளி வைப்பது அவள் வழக்கம் என்பதால் ஐந்தாறு வைத்தாள். கை போன இடத்தில் வைத்தாள். முழுப் பூசணிக்காயை மறைப்பதைவிடப் புள்ளியை மறைப்பது சுலபமாக இருந்தது. நன்றாக எழுதுகிறவர்தானே, ஐந்தாறு வரி போனால் என்ன குறைந்துவிடும் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

இருபத்திரண்டு அத்தியாயமும் முடிந்து, வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று முடிவான வாரம் அது. திங்கட்கிழமை மத்தியானம், தேநீரை உறிஞ்சிக்கொண்டே அவர் சொன்னார்:

"பதினாறுல அம்மா சாகற இடத்த மொத்தமா எடுத்துட்டேன்."

அவள் கையில் இருந்த டம்ளர் நின்றது. "ஏன்?"

இந்தக் கேள்வியை அவள் கேட்டதே அவருக்கு ஆச்சரியம். "நீதானே அந்தப் பக்கத்துல மூணு புள்ளி வச்சிருந்த? பக்கத்துல இருந்து பாத்தவ நீ. உனக்கே சலிச்சுதுன்னா, நான் எழுதினதுல உயிர் இல்லன்னுதானே அர்த்தம்?"

அவருடைய அம்மா போனபோது அவர் வெளியூரில் இருந்தார். பக்கத்தில் இருந்தவள் மருமகள்தான். கடைசி மூன்று மணி நேரம் எப்படிக் கழிந்தது, வாய் என்ன கேட்டது, கை எதைத் தேடியது என்று ஒன்றுவிடாமல் அவருக்குச் சொன்னதும் அவள்தான். பத்து வருடம் அதை எழுத முடியாமல் இருந்து, இப்போது எழுதியிருந்தார். அதன்மேல் அவள் குருட்டுத்தனமாக மூன்று புள்ளி வைத்திருக்கிறாள்.

குத்தப்போகிறேன் குத்தப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஊசி போடும் நர்ஸுகளை அவளுக்குப் பிடிக்காது.

"ஒன்பதாம் அத்தியாயத்துலேர்ந்து நான் படிக்கல. கண்ணு தெரியல."

"என்ன?"

"எழுத்து தெரியல. புள்ளியெல்லாம் சும்மா வச்சேன்."

அவர் முதலில் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து தாள் கட்டை எடுத்து வந்து மேஜையில் போட்டார்.

"அப்ப இது? ஆத்தங்கரைல பேசிக்கறது?"

"தெரியாது."

"தம்பிக்காரன் கடிதம்?"

"தெரியாதுங்க."

"நாப்பது பக்கம். நாப்பது பக்கம் வெட்டியிருக்கேன்! நீ புள்ளி வச்சன்னுதானே!"

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா உக்காந்து பக்கம் புரட்டின? நடிகையாப் போயிருக்கலாம் நீ."

"நீங்க தலைய நிமித்திப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். மாசாமாசம் ஒரு கண்ணு செவந்து வந்தேன். தூசின்னேன். சரின்னீங்க."

அவர் உட்கார்ந்தார். சற்று நேரம் தாள் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், "அத அப்புறம் வச்சுக்குங்க. வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது. ஏறிட்டா ஏறினதுதான். அத நிறுத்துங்க மொதல்ல" என்றாள்.

"நான் வாசிச்சுக் காட்டறேன். ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்."

"வேண்டாம். உங்க வாயால கேட்டா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். நாமளே படிச்சாத்தான் எங்க தூக்கம் வருதுன்னு தெரியும்."

"நீ எப்படிப் படிப்ப?"

அவள் சமையலறைக்குப் போய், டப்பாக்களின் பின்னாலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். அவர் அதைத் தேளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு வாங்கி விரலால் தள்ளினார். அட்டைப் படங்கள் வரிசையாக ஓடின. தெரிந்த பெயர்கள். சிலரோடு அவர் பேசுவதில்லை.

"இவன் புஸ்தகம்கூடவா?"

"ரெண்டு படிச்சேன். ரெண்டாவது பரவால்ல."

"எல்லாரும் இருக்கானுங்க."

"ஆமா. நீங்க மட்டும்தான் இல்ல."

அவர் மகளுக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டரில் இருப்பதை இந்தப் பலகைக்குள் எப்படி ஏற்றுவது என்று சுற்றி வளைத்துக் கேட்டார்.

"என்னப்பா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள சாப்பாடா?"

"உனக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு, இல்ல? ரெண்டு பேரும் சேந்து என்னக் கண்ணக் கட்டிக் காட்டுல விட்டீங்க."

"கண்ணு அம்மாவுக்குப்பா, உங்களுக்கில்ல."

"சரி சரி. ஏத்தித் தொலை."

ஏற்றுவதில் ஒரு சங்கடம் இருந்தது. கம்ப்யூட்டரில் பழைய எழுத்தின் மேலேயே புதியதை எழுதிச் சேமிப்பது அவர் பழக்கம். வெட்டிய நாற்பது பக்கம் அதில் சுவடில்லாமல் போயிருந்தது. தாளில் மட்டும்தான் இருந்தது. தாள் அவளுக்குப் பயன்படாது. ஆகவே அவர் அந்த நாற்பது பக்கத்தையும் தாளைப் பார்த்து, இரண்டு விரலால், எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டியதாயிற்று. தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அவள் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பதிப்பாளர் போனில் மூக்கால் அழுதார். அச்சகத்தில் நாள் வாங்கியாயிற்று, இனி அடுத்த மாதம்தான் இடம் கிடைக்கும் என்றார். "மின்னூலா இருந்தா இந்தத் தலைவலியே இல்ல சார். இன்னிக்குப் போட்டு நாளைக்குத் திருத்திக்கலாம்."

"நாளைக்குத் திருத்திக்கலாம்னா எவன்யா இன்னிக்கு ஒழுங்கா எழுதுவான்?" என்றார் இவர். குரலில் பழைய சூடு இல்லை. "மின்னூலும் போடுங்க. ஆனா ரெண்டும் எங்க வீட்ல படிச்சு முடிச்சப்புறம்."

அவள் படிக்கத் தொடங்கினாள். இப்போது சமையலறைக் கதவைச் சாத்த வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் வசதி. மற்றபடி பாரமான வேலை. நாற்பது நிமிடம் படிப்பாள், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுப்பாள், மறுபடி படிப்பாள். ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் விடுமுறை. அவர் பக்கத்து அறையில் தட்டுவார், நிறுத்துவார், இருமுவார். என்ன என்று எட்டிப் பார்க்கமாட்டார். ஆனால் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் தட்டும் சத்தம் நிற்கும்.

ஒன்பதாம் நாள் பதினாறை முடித்தாள். அவரே வந்து நின்றார். நாற்பது வருட ஏற்பாட்டை முதல் முறையாக மீறி, "எப்படி?" என்று கேட்டார்.

"அத்தை சாகற இடம் இருக்கட்டும். அந்த டாக்டர் பேசறத எடுத்துடுங்க. எந்த டாக்டரும் அந்த நேரத்துல அவ்வளவு பேசமாட்டான்."

"வேற?"

"ஆத்தங்கரைய வெட்டினது நல்லதுதான். அது திரும்ப வேண்டாம்."

"கண்ணு தெரியாம வச்ச புள்ளிகூடச் சரியா விழுந்திருக்கே."

"எல்லாத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. கடிதத்த எடுத்தது பெரிய தப்பு. அது இல்லாம அந்தத் தம்பிக்காரன் எதுக்கு வீட்ட விட்டுப் போறான்னே புரியாது." டேப்பை மடியில் கவிழ்த்தாள். கண்ணோரத்தில் நீர் கோத்திருந்தது, மருந்துதான். "இன்னொரு இடத்துல நல்லாத் தூங்கிட்டேன்."

அவர் தாள் கட்டைத் தூக்கிக்கொண்டார். "எந்தப் பக்கம்?"

"இதுல பக்கம் கிடையாது. எழுத்தப் பெருசாக்கினா பக்கம் மாறிடும். முப்பத்தெட்டு சதவீதத்துல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் முப்பத்தெட்டு சதவீதம் எங்கே விழும் என்று தாள் ஓரத்தில் பெருக்கி வகுத்தார். நூற்றைம்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்தார். அது இல்லை. முன்னே பத்துப் பக்கம் போனார், பின்னே வந்தார்.

"கிடைக்கல. நீ அந்த வரியப் படி."

அவள் டேப்பைத் திருப்பி, தலையைச் சாய்த்து, ஓரக் கண்ணால் நாலு நாலு சொல்லாக வாசித்தாள். அவர் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது தடவை விரல் நின்றது. அந்தப் பத்தியை அவர் மெதுவாக, முழுவதும் படித்தார்.

"ஆமா" என்றார். "இங்க நானும் தூங்கிட்டேதான் எழுதியிருக்கேன்."

"தெரியுதே" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த ஆறு வரிக்கு விரலைத் தள்ளினாள்.