சிவப்புச் சீட்டு ருக்மணி

மலாக்காவின் காஜா பெராங் பகுதி ருக்மணிக்குக் கோபம் வந்தால் சைக்கிள் மணியைக்கூட அடிக்க மாட்டாள், நேரே வந்து மோதிவிடுவாள் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். மலாயா விடுதலையடைந்த மறு வருடம், 1958-இல், அவள் அதே ஊரின் பண்டார் ஹிலிர் பகுதியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அங்கே குடியுரிமை மனுக்கள் மலையாய்க் குவிந்து கிடந்தன. சில கோப்புகளில் மட்டும் ‘எக்ஸ்பிடைட்’ என்று அச்சடித்த சிவப்புச் சீட்டைக் குத்துவார்கள். விரைவுபடுத்து என்று அகராதி சொல்கிறது. சீட்டு ஏறிய கோப்பு மூன்றே நாளில் கையெழுத்தாகிவிடும். ஆனால் அது யாருக்கு ஏறும்? குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான தலைமைக் கிராணி தேவதாஸோடு கிளப்பில் பழகுகிறவர்களுக்கு, பெரிய கடை முதலாளிகளுக்கு. ஆளைப் பார்த்து இலை போடுகிற பந்திதான். தம் ஆட்களின் சீட்டை யாரும் பிடுங்கிவிடக் கூடாதென்று தேவதாஸே ஒரு விதியும் போட்டிருந்தார்: குத்திய சீட்டை எடுப்பவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கருப்பையா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள். நகராட்சியில் சாலை வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் குடியுரிமைத் தாளைக் காட்டாவிட்டால் அதுவும் போய்விடும். நான்காவது தடவையாக வந்தவரை அடுத்த மாதம் வரச் சொன்னார் தேவதாஸ்.

“இந்த நாட்டுலதான் பொறந்தேன் தங்கச்சி,” என்றார் கருப்பையா, ருக்மணியிடம். “இன்னும் எத்தன தடவ வந்து சொல்லணும்?”

ருக்மணி சீட்டுப் பெட்டியைப் பார்த்தாள். எல்லோரும் சாப்பிடப் போனதும் அவர் கோப்பில் ஒரு சீட்டைக் குத்தினாள். அடுத்த கோப்பும் தோட்டத்து ஆளுடையதுதான். அதற்கு அடுத்ததும். பெட்டி காலியாகும்வரை குத்தினாள். நாற்பத்திரண்டு.

ஒளித்து வைக்கவில்லை. தேவதாஸின் மேசை மேலேயே அடுக்கினாள். திரும்பி வந்தவர் கொதித்தார். எல்லாவற்றையும் எடுக்காவிட்டால் வேலை போகும் என்றார்.

“நான் எடுக்க மாட்டேன் சார். நீங்க எடுங்க. காரணம் எழுதி, சைன் போட்டுட்டு எடுங்க.”

இன்னும் வீட்டுக்குப் போகாத கருப்பையா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேவதாஸ் பேனாவைத் திறந்தார். இந்த மனிதருக்கு ஏன் அவசரமில்லை என்று எழுத வேண்டும். முள் காகிதத்தைத் தொடவே இல்லை. கடைசியில் பேனாவை மூடிவிட்டு, அத்தனை கோப்புகளையும் மேலதிகாரி அறைக்கு அனுப்பினார்.

அந்த வாரமே கருப்பையாவுக்குத் தாள் கிடைத்தது. மாதக் கடைசியில் ருக்மணியை வேலையைவிட்டு நிற்கச் சொன்னார்கள்.

அவள் நாற்காலியை இழுத்துத் தேவதாஸின் மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“காரணம் எழுதுங்க சார்.”