பத்து விநாடி

"சி டிரைவெல்லாம் இங்க கிடையாதுங்க. உங்க பேர்ல ஒரு அறை இருக்கு, உங்க சாமான் பூரா அதுக்குள்ளதான்" என்றபடி, பூக்கடைக்காரரின் கிழட்டுக் கணினியில் லினக்ஸைத் திறந்து காட்டுகிறார் பென்குவின் சார். விண்டோஸைத் தவிர வேறொன்றைக் கண்ணால் கண்டிராத பூக்கடைக்காரர், புது வீட்டில் ஸ்விட்சைத் தேடுகிறவர் மாதிரி திரையின் மூலைமுடுக்கெல்லாம் மௌஸை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அவருடைய கணினி ரிப்பேர் கடையில் இருபது வருடமாக இதே பாடம்தான். பையில் ஒட்டிய, லினக்ஸின் சின்னமான பென்குவின் படத்தால் வந்த பட்டப்பெயர். தூக்கிப் போடக் கொண்டுவரும் கணினியைக்கூட, "உயிர் இருக்குங்க" என்று வாங்கி வைத்துக்கொள்வார். லினக்ஸில் வைரஸ் தொல்லை அநேகமாக இருக்காது என்று வாயை விட்டுவிட்டால் வம்பு. "வைரஸே எட்டிப் பாக்காத சிஸ்டமா? அப்ப மனுஷங்களும் பாக்கலன்னு அர்த்தம்" என்றாராம் ஒரு பல் டாக்டர்.

மூன்றாம் நாள் எல்லோரும் பழைய விண்டோஸையே கேட்டு வந்து நிற்பார்கள். அதனால் இப்போது இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறார். கணினியைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடி யாரும் எதையும் தொடாவிட்டால் லினக்ஸ் திறந்துகொள்ளும். யாரும் தொடாமல் இருப்பதில்லை.

வீட்டிலும் அதே பட்டியல்தான். மனைவி வக்கீல்களுக்கு மனு தட்டச்சு செய்பவர். பதினோரு வருடத்துக்கு முன்னால் கணவருக்காக ஒரு வாரம் லினக்ஸில் அடித்துப் பார்த்தார். பன்னிரண்டு பக்க மனு வக்கீல் ஆபீஸ் விண்டோஸில் திறந்தபோது பதின்மூன்றாக நீண்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக் கோடு மட்டும் நின்றது. "உங்களோடது நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒத்துவரல" என்று எழுந்தவர்தான். அந்தக் கோளாறை இவர் சரிசெய்து, நூறு மனுக்களை அடித்துப் பார்த்துச் சோதித்தாயிற்று. இன்னொரு முறை உட்கார் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. தினமும் காலையில் சவரம் செய்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். நாற்காலி இழுபடும், மூன்று எண்ணுவதற்குள் விண்டோஸுக்கு இறங்க 'டொக்' என்று அம்புக்குறி விசை விழும். ஊரையே உட்கார வைத்து விளக்குகிற மனிதருக்கு, வீட்டில் இந்த ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும் என்று ஏக்கம்.

போன மாதம் வழுக்கி விழுந்து அம்மணிக்கு வலது மணிக்கட்டில் கட்டு. மறுநாள் காலை நாற்காலி இழுபட்டது. பத்து வரை எண்ணிவிட்டார், 'டொக்' விழவில்லை. பாதி முகத்தில் சோப்போடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். திரையில் லினக்ஸ்!

மனைவி குனிந்து, மேசைக்கடியில் இருந்த பொத்தானை இடது கையால் அமுக்கி அணைத்தார். மறுபடி போட்டார். கட்டுப் போட்ட கையைக் காத்துக்கொண்டு நிமிர்வதற்குள் பட்டியல் மறைந்து, மறுபடியும் லினக்ஸே வந்தது. மறுபடி குனிந்தபோதுதான் இவரைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. கை கொஞ்சம் மெதுவா வருது" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல.

"கொஞ்சம் எந்திரி" என்று உட்கார்ந்து, நாலு வரி தட்டி, தானாகத் திறப்பது விண்டோஸ் என்று மாற்றினார்.

"அப்ப உங்களுக்கு?"

"நான் அழுத்திக்கிறேன்."

மனைவியை உட்கார வைத்துக் கணினியைப் போட்டார். பட்டியல் வந்தது. விநாடிகள் குறையக் குறைய, பென்குவின் சார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார்.