தம்பிக்குக் கொடுக்காத அறை

பேய், ஆவி என்று எவராவது வாய் திறந்தால் "வேற வேலை இல்லையா புள்ள?" என்று எழுந்து போகிறவள் நான். நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர், நாவற்குடாவில் அறை தேடி வந்திருக்கிறீர்கள், வெறுமனே கிடக்கிற அறையை இவள் ஏன் தரமாட்டேன் என்கிறாள் என்றுதான் நினைப்பீர்கள். சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

இந்த வீடு என் தம்பி சந்திரன் கட்டியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே, அக்காளின் சீதன வீடு முடியும்வரை தம்பிமார் தங்கள் கலியாணத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். அவன் மேசன் வேலைக்கு மலைநாட்டு ஹப்புத்தளைக்குப் போய், உழைத்து அனுப்பி அனுப்பித்தான் இந்தச் சுவரெல்லாம் எழும்பியது. பிறகு அங்கேயே தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு பிள்ளையைக் கட்டினான். என் புருஷன் வீட்டார் முகத்தைத் திருப்பினார்கள். நானும்தான் திருப்பினேன், பொய் சொல்வானேன்.

ஆனாலும் அவன் நாள்தோறும் எனக்குப் போன் எடுப்பான். வேறு பேச்சு இல்லாததால் மலையின் காலநிலையைச் சொல்லுவான்.

"அக்கா, இஞ்ச விடிய நல்ல வெயில், பத்து மணிக்கு ஒரே மூட்டம், இப்ப மழை. ஒரு நாளைக்குள்ள மூண்டு காலம். அங்க எப்பிடி?"

"வெயில்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

போன வருஷம் பங்குனியில் ஒருநாள் அவன் குரலே மாறியிருந்தது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டுகிறதாம், இந்த மாறி மாறி வருகிற குளிர் கூடாது, சூடான ஊரில் போய் இருக்கச் சொல்கிறாராம் டொக்டர்.

"நடு அறையில ரெண்டு மாசம் இரிக்கட்டா அக்கா? சித்திரை முடிய மலைக்கு ஏறிருவன்."

"அதுக்குள்ள நெல்லு மூட்டை அடுக்கியிரிக்கு தம்பி, இடமில்ல."

ஒரு மூட்டையும் இல்லை ரீச்சர். வெறும் அறை.

"ஓம் அக்கா, பரவாயில்ல" என்றான். எட்டாம் நாள் செத்துப்போனான். பாவி நான்.

இந்தப் பங்குனியில் ஒரு மத்தியானம், ஓடு வெடிக்கிற வெக்கை. அரிசி புடைக்கச் சுளகு எடுக்க அந்த அறையைத் திறக்கிறேன், கை விறைக்கிறது. ஜன்னல் கண்ணாடி முழுக்க மூட்டம், என் மூச்சு புகையாய்ப் போகிறது. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பளிச்சென்று வெயில் விழுந்து, மறைந்து, தலைக்கு மேலே தூறல் சத்தம். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன், முற்றத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"உனக்குப் பித்தா புள்ள?" என்று என் புருஷன் உள்ளே போனார். "எங்க குளிர்?" என்று சிரித்தார். சிரித்தபடி வெளியே காலை வைத்ததும் அவருடைய மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாக மூடிக்கொண்டது. ஏசி போட்ட கடையிலிருந்து வெயிலுக்கு வந்தால் மூடுமே, அப்படி. எங்கள் வீட்டில் ஏசி ஏது? அவர் சாரத்து நுனியால் துடைத்துக்கொண்டே முற்றத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை.

நான் அந்த அறையில் கட்டில் போட்டேன். புதுக் கம்பளி ஒன்று வாங்கி விரித்தேன். "படுடா தம்பி, உன்ட வீடுதானே" என்று வாய்விட்டு அழுதேன்.

விடியப் பார்த்தால் கம்பளி கதவுக்கு வெளியே கிடந்தது. ஒழுங்காக மடித்து, ஈரத்தோடு. நான் திரும்ப உள்ளே வைத்தேன், திரும்ப வெளியே கிடந்தது. பூட்டியும் பார்த்துவிட்டேன், சாவி என் இடுப்பில்தான். உயிரோடு இருந்தவரை என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பிள்ளை அவன்.

சற்று முன் அறையைப் பார்க்க என்று போனீர்களே ரீச்சர், வாசலில் கால் துடைத்தீர்களே, அது கால்மிதி இல்லை. இன்றைக்கு நான் இன்னும் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை. தொட்டுப் பாருங்கள்.